ஒரு ரூபாய் அளவு பெயின்ட்

ஜனவரி மாதத்தில் டெல்லியில் பெயின்ட் காய இரண்டு நாள் கூடுதலாக ஆகும். அதை நினைவில் வைக்காமல் வேலையை ஒப்புக்கொண்டால் கடைசியில் அவசரப்பட வேண்டியிருக்கும். நான் அவசரப்பட்டேன்.

இன்ஸ்பெக்டர் அவர்களே, இதைத் தமிழில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஹிந்தி பேசுகிறேன், எழுத வரவில்லை. மொழிபெயர்த்துச் சொல்ல, தமிழர்கள் நிறைய இருக்கும் ஆர்.கே.புரத்தில் ஆட்கள் கிடைப்பார்கள். என் தங்கை அம்சவேணியின் கணவர் வேலு இறந்துபோன விபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையில் ஒரு வரி தவறு. அந்த வரிக்கு வருவதற்கு முன்னால் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வேலுவிடம் ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஃபியட் ஒன்று இருந்தது. ஜனக்புரியில் அவர்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி நிற்கும். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு டெயில் லைட் ஹவுசிங்குகளும், அதாவது பின்விளக்கைத் தாங்கும் உலோகக் கூடுகளும், வீணாகியிருந்தன. துத்தநாகம் கலந்த வார்ப்பு அது. நாற்பது வருஷத்தில் குரோமுக்கு அடியில் கொப்புளம் கட்டி, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துவிடும். ஜனவரி பதினெட்டாம் தேதி மானேசர் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் பழைய கார்களின் கண்காட்சி. அதற்குள் செய்து தரச் சொன்னார். நான் விமானப் படையில் எலக்ட்ரிகல் பிரிவில் பதினைந்து வருஷம் இருந்தவன். அடுத்த தெருவில்தான் வீடு. ஒப்புக்கொண்டேன்.

ஒவ்வொரு குழியையும் ஊசித் துளைக்கருவியால் சுத்தம் செய்து, ஈயப்பற்று வைத்து நிரப்பி, அரம் போட்டுச் சமன் செய்தேன். கரோல் பாக் சந்து ஒன்றில் செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்று முலாம் ஏற்றி வாங்கி வந்தேன். உட்புறம் மறுபடி அரிக்காமல் இருக்கக் கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த விளக்குகளுக்கு ஒரு வயர்தான் வரும். கரன்ட் திரும்பிப் போவது ஹவுசிங் வழியாக, காரின் உடம்புக்கு. அதைத்தான் எர்த் என்கிறோம். நடுவில் பெயின்ட் இருந்தால் எர்த் கிடைக்காது, விளக்கு எரியாது. திருகு உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும். படையில் இருந்தபோது எனக்குக் கீழே வேலை செய்த ஒருவன் பெயின்டின் மேலேயே எர்த் கொடுத்துவிட்டான். ஸ்பேனரால் அடித்தேன். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. விசாரணையில், அவன் செய்தது தவறு என்று நான் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அடித்ததற்குத் தண்டனை தனியாகக் கொடுத்தார்கள்.

பதினான்காம் தேதி, பொங்கல் அன்று, அம்சவேணி எனக்கு உதவுவதாக நினைத்து, கழற்றி வைத்திருந்த சிவப்புக் கண்ணாடிகளைப் பாத்திரத்தோடு சேர்த்துச் சபீனா போட்டுத் தேய்த்துவிட்டாள். கீறல் விழுந்தது. வேலு கத்தவில்லை. அவர் எப்போதும் கத்த மாட்டார். அவளைக் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் இரண்டடி தள்ளி வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

“இந்தக் கைதானே தேய்ச்சுது?” என்றார்.

அவள் ஆமாம் என்றாள். கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தவில்லை என்று திறந்து மறுபடி சாத்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க தங்கச்சிக்கு ஈயச்சொம்பு எது, லென்ஸ் எதுன்னு தெரியலையே மச்சான். என்ன சொல்லிக் குடுத்து வளத்தீங்க?”

நான் ஹவுசிங்கின் உட்புறத்துக்கு இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினால் கோடு விழும். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மூன்று விரல்கள் உடைந்திருந்தன. காற்றில் கதவு அடித்துக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். ஆட்டோவில் திரும்பும்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“அண்ணே, நீங்க அவருகிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். எனக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் மட்டும் எடுத்துக் குடுங்க. உயிரோட போய்ச் சேர்ந்துட்டாப் போதும்.”

மறுநாளே வரிசையில் நின்று எடுத்துவிட்டேன். இருபத்து நான்காம் தேதிக்கு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில். வேலு அந்த வாரம் ஆபீஸ் வேலையாக போபால் போகவிருந்தார். அவளைத் தடுக்க யாரும் இல்லை. டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது.

பதினேழாம் தேதி மாலை புதுக் கண்ணாடிகளோடு இரண்டு ஹவுசிங்குகளையும் பொருத்தினேன். பெயின்ட் அப்போதுதான் காய்ந்திருந்தது. இருட்டிவிட்டது, குளிர் வேறு. சுரண்ட மறந்துவிட்டேன். மறந்ததை உண்மை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். அவர் காரில், நான் கருவிப் பையோடு என் ஸ்கூட்டரில். பனி மூட்டம் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாதபடி இருந்தது. அவர் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“மச்சான், பின்னாடி எரியுதா பாருங்க.”

நான் காருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். இரண்டு பக்கமும் இருட்டு. குரோம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. என்ன காரணம் என்று உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆகும்.

“எரியுது மாப்ளே,” என்றேன். “ஜல்தி கிளம்புங்க.”

“அச்சா,” என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஜெய்ப்பூர் சாலையில் அவருக்குப் பின்னால் முப்பதடி விட்டுப் போனேன். இன்ஜின் சத்தத்தை வைத்துத்தான் அவர் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள முடிந்தது. சுமார் ஆறேகால் மணிக்கு எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. என் ஸ்கூட்டரின் பின்விளக்கைப் பார்த்து ஹாரன் அடித்து, ஒழுங்காக விலகி என்னைக் கடந்தது. அந்த டிரைவர் கவனமான ஆள். இதை நீங்கள் அவன் கணக்கில் எழுத வேண்டும். கடந்ததும் மறுபடி இடது பக்கம் ஒதுங்கினான். அங்கே வேலு இருந்தார்.

காரின் வலது பின்பக்கம் பின்சீட் வரைக்கும் உள்ளே போய்விட்டது. கார் சுழன்று போய் ஓரத்துக் கருவேல மரத்தில் டிரைவர் பக்கமாக மோதியது. லாரிக்காரன் இறங்கிப் பார்த்துவிட்டு வயலுக்குள் ஓடினான்.

நான் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் போனேன். ஸ்டியரிங் அவர் மார்புக்குள் இறங்கியிருந்தது. கீழ்த்தாடை ஒரு பக்கமாக விலகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே வலது கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் ரத்தம் குமிழ் விட்டது. ஆனால் நினைவு இருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு மச்சான் என்றார். டாஷ்போர்டில் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதாவது பேட்டரி நன்றாக இருந்தது.

காரின் பின்னால் போனேன். இடது பக்க ஹவுசிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு திருகையும் கழற்றி, ஹவுசிங்கிலும் உடம்பிலும் ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டி, மறுபடி முடுக்கினேன். விளக்கு எரிந்தது. நீங்கள் தவறாக எழுதிய வரி இதுதான்: ‘மோதலின்போது பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.’ பிறகு உங்களிடம் பிடிபட்ட அந்த டிரைவர், காரில் வெளிச்சமே இல்லை என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்வது உண்மை.

திருகை முடுக்கியபோது மணி ஆறு இருபத்தொன்று. பால் வண்டி வந்து நின்றது ஆறரைக்கு. இருநூறு அடியில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, அங்கே போன் உண்டு. வரும்போதே அதன் விளக்கைப் பார்த்தேன். வேலு முதலில் மச்சான், மச்சான் என்று கூப்பிட்டார். பிறகு தண்ணீர் கேட்டார். பிறகு அம்சவேணியைக் கூப்பிட்டார். அப்புறம் சொற்களாக ஒன்றும் வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. பால்காரர்கள் இறங்கி ஓடிவந்தபோது அதுவும் நின்றிருந்தது.

இருபத்து நான்காம் தேதி அவள் அந்த டிக்கெட்டில்தான் ஊருக்குப் போனாள். வேலுவுக்கு உடனே உயிர் போய்விட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் வண்டியில் உட்கார்ந்து அழுதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தங்கைக்காகச் செய்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களுக்கும் அப்படி எழுதினால் புரியும். எழுதும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்த ஒன்பது நிமிடமும் நான் காருக்குப் பின்னால் நின்றிருந்தேன். பனியில் அந்தச் சிவப்பு இருபதடிக்கு நன்றாகத் தெரிகிறதா என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தெரிந்தது. என் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று திருப்தியாக இருந்தது. வேலு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதுகூட, அவள் யாரென்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.