லிவர் இடது பக்கம்

அண்ணன்: ...இன்னும் எவ்வளவு நேரம் இந்த வீலச் சுத்தணும்? விக்கப்போற படகுக்கு இத்தனை சீராட்டா?

தங்கை: பேசாம சுத்துண்ணே. வலது பக்கம், முட்டுற வரைக்கும். எண்ணெய் பாட்டில் காலியாகுதா பாரு.

அண்ணன்: பாதி இருக்கு. நீ பின்னால குனிஞ்சு என்ன பண்ற?

தங்கை: காத்த வெளியேத்துறேன். நீ வீலச் சுத்தினா, அதுக்குப் பின்னால இருக்கிற பம்பு எண்ணெயத் தள்ளும். அது குழாய் வழியா இங்க சிலிண்டருக்கு வந்து, படகுக்குப் பின்னால தொங்குற இன்ஜினத் திருப்பும்; படகும் திரும்பும். நடுவுல காத்துக் குமிழி இருந்தா...

அண்ணன்: இருந்தா?

தங்கை: நீ தள்ளுறதெல்லாம் காத்த அமுக்கறதுலயே போயிடும். எண்ணெய் அமுங்காது. சொன்னா அப்படியே கேக்கும்... உன்ன மாதிரி இல்ல.

அண்ணன்: வாயி! சரி, சிலிண்டர் ஒண்ணுதான மாட்டியிருக்க? இன்ஜின் ரெண்டு இருக்கே.

தங்கை: ரெண்டையும் ஒரு கம்பியால இணைச்சிருக்கேன். ஒண்ணு திரும்பினா இன்னொண்ணும் கூடவே திரும்பியாகணும். இப்ப இடது பக்கம்... நிறுத்து. குமிழி நின்னுடுச்சு. திருகாணிய இறுக்கிட்டேன்... இரு, இன்னொரு தடவை பாத்துடறேன்.

அண்ணன்: இப்பதான இறுக்கின?

தங்கை: எனக்கு என் மேலயே நம்பிக்கை கிடையாது. ம்... இப்ப திருப்பிப் பாரு.

அண்ணன்: ஏய்... ஒத்த விரல்ல திரும்புதுடி!

தங்கை: ரெண்டு இன்ஜின், ஒத்த விரல்.

அண்ணன்: பழைய கேபிளோட மல்லுக்கட்டியே தோள் கழண்டுச்சு. ஆமா, அலை வந்து இன்ஜின மோதினா வீல் கையிலருந்து பிடுங்கிக்காது?

தங்கை: பம்புக்குள்ள வால்வு இருக்கு. உன் தள்ளு இங்க வரும், அலையோட தள்ளு அங்க வராது. கைய எடுத்தாலும் வீல் விட்ட இடத்துலயே நிக்கும்.

அண்ணன்: கெட்டிக்காரிடி நீ! ...கொடுத்து வச்சவன்.

தங்கை: யாரு?

அண்ணன்: சாயங்காலம் படக வாங்க வர்றானே, அவன்தான்.

தங்கை: கடல் சலிச்சுப்போச்சு, வித்தே ஆகணும்னு நீதான ஒத்தக்கால்ல நின்ன?

அண்ணன்: சலிச்சுதான் போச்சு... யாரு இல்லன்னா? அது சரி, வேகத்துக்கான லிவர் ரெண்டும் ஏன் இடது பக்கம் வந்திருக்கு? எப்பவும் வலது பக்கம்தான இருக்கும்?

தங்கை: வாங்குறவருக்கு அப்படித்தான் வசதி.

அண்ணன்: இடது கைக்காரனா?

தங்கை: இல்ல. ஆனா ஓட்டுறதுல அவர அடிச்சுக்க இந்தத் துறையில ஆளே இல்ல. எந்தக் காத்துலயும், தூங்குற குழந்தையத் தொட்டில்ல போடற மாதிரி படகக் கரையில அணைப்பார்.

அண்ணன்: எனக்குத் தெரியாம இங்க அப்படி ஒருத்தனா?

தங்கை: இருக்கார். கொஞ்சம் வறட்டு வீம்பு.

அண்ணன்: சும்மா அளக்காத... அப்ப அவன் வலது கைக்கு என்ன?

தங்கை: நங்கூரச் சங்கிலி நசுக்கினதுல ரெண்டு விரல் மடங்காது. ஆறிடுச்சுன்னு வீட்டுல சாதிச்சிட்டிருக்கார். சோத்துக்கு ஸ்பூன் கேப்பார், ஏன்னு கேட்டா, சுத்தம்பார். லிவர் ரெண்டையும் தனித்தனியா இழுக்க விரல் வேணும்ல... அதான் இடது பக்கம். வீலுக்கு வலது உள்ளங்கையே போதும். சாயங்காலம் யாரும் வரமாட்டாங்கண்ணே... கயித்த அவுக்கட்டுமா?