வளைய இடைவெளியில் ஒரு புள்ளி

எனக்கு அழுக்கு ஆகாது, ஐயா. இந்த அறைக்குள் வந்ததும் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மேசைமேல் இருந்த டீக் கறையைத்தான் பார்த்தேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் பழக்கம். சனிக்கோளைச் சுற்றும் விண்கலம் அனுப்பும் படங்களைச் சுத்தம் செய்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். அலுவலகத்தில் எனக்குத் துடைப்பான் என்று பெயர்.

விண்வெளியில் பறக்கும் துகள்கள் கேமராவில் மோதினால் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவிடுவேன். நான் தொடாத படத்தில் சனிக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும். நான் தொட்ட படம் காலண்டரில் வரும்.

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு படம் வந்தது. வளையங்களுக்கு நடுவே கரிய இடைவெளி, படிய வாரி வகிடு எடுத்ததுபோல். முப்பத்தொரு புள்ளிகள் இருந்தன. முப்பத்தொன்றையும் துடைத்தேன். எங்கள் இயக்குநர் அதை வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பாத்தீங்களா, பரிசுத்தமான வெறுமை" என்று காட்டினார். வெறுமையைப் பற்றி அவர் ஐம்பது நிமிடம் பேசுவார். அனுபவம் பேசியது. இரண்டு பதக்கங்களும் வந்தன. படத்தின் மூலையில் என் பெயரும் இருந்தது, எறும்பு அளவில்.

என் தங்கையின் கணவரும் அங்கேதான் வேலை பார்த்தார். நிலாக்கள் போகும் பாதையைக் கணக்குப் போடுகிறவர். ஒரு நாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், அந்த இடைவெளில ஒரு புள்ளி இருந்துச்சே, எங்க?"

"தூசி, மாப்பிள்ளை."

"சுத்தம் பண்றதுக்கு முந்தின காப்பி எங்கிட்ட இருக்கு. அடுத்தடுத்து மூணு படத்துல வருது. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் தள்ளித் தள்ளி. தூசி என்ன பஸ் பிடிச்சா போகும்? அது குட்டி நிலா, மச்சான். நீங்க நிலாவையே துடைச்சுட்டீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு.

விஷயம் இயக்குநர் காதுக்குப் போனது. வெறுமைக்குப் பதக்கம் வாங்கியவர், அதற்குள் ஒரு நிலா இருப்பதை எப்படிப் பொறுப்பார். விசாரணைக் குழு போட்டார். நான் துடைத்த படங்களில் அந்தப் புள்ளி இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அப்படியானால் உங்கள் மாப்பிள்ளையின் பிரதியில் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அது பொய், ஆனால் சின்னப் பொய். மீதியை அவர்களே பெரிதாக்கிக்கொண்டார்கள். பேர் வாங்குவதற்காகப் படத்தில் நிலா வரைந்தவர் என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு மூலப் படங்கள் என் மேசைக்கு மட்டுமே வர வேண்டும் என்று புதிய விதியும் போட்டார்கள்.

தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவரு சாப்பாட்டையே தொடமாட்டேங்கறாரு. பொண்ணுகிட்ட ஸ்கூல்ல, உங்கப்பா வரைஞ்ச நிலா எங்கடின்னு கேக்கறாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் அடங்கிடும்ணா."

"பாக்கலாம்மா" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விண்கலத்திலிருந்து வந்ததை வந்தபடியே பதிந்த டேப்புகள் அடித்தளத்தில் ஒரு காப்பறையில் இருந்தன. குழு அவற்றைக் கேட்டிருக்கலாம். அடித்தளத்துக்கு லிஃப்ட் கிடையாது, குழுவினர் எல்லாரும் பெரிய மனிதர்கள். சாவி என்னிடம் இருந்தது.

ஒரு மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மாப்பிள்ளை வந்தார். இளைத்திருந்தார்.

"அந்த ஒரு டேப்ப மட்டும் எடுத்துக்கறேன், மச்சான். உங்க மேல ஒரு தப்பும் வராம நான் பாத்துக்கறேன்."

என் மேல் தப்பு வராமல் அவர் பார்த்துக்கொள்வாராம். என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை அவரை வெளியே விட்டிருப்பேன். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

திறந்துவிட்டேன். பத்தே நிமிடத்தில் டேப்பைத் தூக்கிக் காட்டினார். "கெடச்சுட்டா மச்சான், நம்ம குட்டி." நான் கதவை வெளியிலிருந்து சாத்தினேன்.

அந்த அறையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், டேப் கெட்டுவிடும். சுவரில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று சிவப்புக் கைப்பிடிகள் உண்டு, எதை இழுத்தாலும் ஒரு வாயு வந்து காற்றை வெளியேற்றிவிடும். நெருப்புக்கும் மனிதருக்கும் அது வித்தியாசம் பார்க்காது. அதற்கு முன் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். போன மாதம் இயக்குநர் பேசும்போது அது அடித்துத் தொலைத்ததால் கம்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள். வெளிக் கைப்பிடியை இழுத்துவிட்டுக் கதவில் தோளைச் சாய்த்து நின்றேன். உள்ளேயிருந்து தள்ளியது தோளில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் அவர் மூச்சு ஒரு வட்டமாகப் படிந்திருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். போகவில்லை. அது உட்பக்கம் இருந்தது. தானாகச் சிறுத்து, ஒரு புள்ளியாகி, அப்புறம் மறைந்தது. அதுவரை நின்றேன்.

வாயு வடிந்ததும் உள்ளே போய், டேப்பைக் காந்தத்தில் வைத்து வெற்றாக்கி அவர் கையிலேயே திரும்ப வைத்தேன். என் சாவியைத் திருடித் தடயத்தை அழிக்கப் போனவர், தவறுதலாக உள்ளேயிருந்த கைப்பிடியை இழுத்து வாயுவில் மாட்டிக்கொண்டார் என்று அறிக்கை வந்தது. அதன் மொழியைத் திருத்திக் கொடுத்தது நான். தங்கை இன்றுவரை அதை நம்புகிறாள். அவர் படத்தைக்கூட வீட்டில் மாட்டவில்லை.

ஆனால் கணக்கு அவர் போட்டது. அந்த நிலா பதினான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சனியைச் சுற்றும். பல் துலக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் எனக்குத் தெரியும், இதோ நிழலுக்குள் போகிறது, இதோ வெளியே வருகிறது. ஏழு வருடத்தில் ஒரு சுற்று தவறவிட்டதில்லை. வெள்ளைத் தட்டைப் பார்த்தாலும் அதுதான் தெரிகிறது, அதில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

இன்று காலை புதிய விண்கலத்திலிருந்து ஐந்து படங்கள் வந்தன. ஐந்திலும் அது இருந்தது, இடைவெளியின் நடுவில், பால்பல் மாதிரி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போலீசுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. தங்கையிடம் நீங்களே சொல்லுங்கள், அவள் கணவர் எதையும் வரையவில்லை என்று.

அந்தப் படங்களைக் கேட்கிறீர்கள், நியாயம். புதிய கலத்துக்கு டேப் கிடையாது. நல்லபடியாக வந்தது, அழித்துவிடு என்று இங்கிருந்து சொல்லும்வரை மூலத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். கலம் பாதை மாறிவிட்டது, அந்த இடைவெளியை இனி அவ்வளவு பக்கத்தில் பார்க்காது. இங்கிருந்து சொல்லும் சொல் அங்கே போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கிளம்புவதற்கு முன் ஐந்து படங்களையும் வழக்கம்போல் துடைத்து முடித்துவிட்டு, அந்தச் சொல்லையும் அனுப்பிவிட்டுத்தான் வந்தேன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது.

மணி என்ன ஆகிறது, ஐயா? இந்நேரம் அங்கே எல்லாம் சுத்தமாகியிருக்கும்.