விளக்குக்காரியின் கை

லொரெட்டா: பெட்டிய இறக்கி வச்சுட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன் எம்மெட். வேணாம்னா ஏரியில தள்ளிடுங்க.

எம்மெட்: வச்ச கையோட வண்டியில ஏத்துங்க. உங்க பவ்லிக் வீட்டுச் சாமான் எதுவும் எங்க ரைன்ஹோல்ட் வாசப்படி ஏறினதில்ல.

லொரெட்டா: உள்ள என்னன்னு கூடக் கேக்கலியே.

எம்மெட்: கேக்கணுமா? உங்க அக்கரைக் கேளிக்கைப் பூங்காவ மூடியாச்சு, எல்லாத்தையும் ஏலம் விட்டாச்சு. யாரும் வாங்காத பொம்மை எதையாவது...

லொரெட்டா: வாங்க ஆள் இருந்தாங்க. நான்தான் குடுக்கல. விளக்குக்காரி. எங்க 'முங்கின வீடு' பேய்ச் சவாரியில நின்ன விளக்குக்காரி.

எம்மெட்: அவளா... ஸ்ஸ்!

லொரெட்டா: என்ன ஆச்சு?

எம்மெட்: காபி நாக்கச் சுட்டுடுச்சு.

லொரெட்டா: கோப்பை காலியால்ல இருக்கு.

எம்மெட்: வழிய விடுங்க. இன்னிக்கு சீசன் திறப்பு. கூட்டத்த விடறதுக்கு முன்னாடி ரைன்ஹோல்ட் வீட்டு ஆள் ஒருத்தர் சவாரியோட முதல் வண்டியில தனியா ஒரு சுத்துப் போய் வரணும். எங்கப்பா வச்ச வழக்கம்.

லொரெட்டா: எண்பது வயசுலயும் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கிட்டு! இருட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா?

எம்மெட்: இருட்டா இருந்தா என்ன? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

லொரெட்டா: என்னையும் ஏத்திக்கோங்களேன்.

எம்மெட்: முதல் வண்டி குடும்பத்துக்கு மட்டும்.

லொரெட்டா: சரி. வர்றவங்கெல்லாம் உங்ககிட்ட இந்த விளக்குக்காரியத்தான் கேக்கறாங்களாமே?

எம்மெட்: அந்தக் கொடுமைய ஏன் கேக்கறீங்க! பிட்ஸ்பர்க்ல இருந்து ஒருத்தன் பேரனக் கூட்டிட்டு வர்றான். எங்க 'கறுப்பு ஆலை' சவாரிக்குள்ள போய்ட்டு வந்து, "கடைசித் திருப்பத்துல ஒரு பொம்பள விளக்கத் தூக்குவாளே, எங்க?"ங்கறான். அது இங்க இல்லய்யா, அக்கரையிலன்னா நம்ப மாட்டேங்கறான். "நான் பாத்தது இங்கதான்"னு எங்கிட்டயே சண்டை. எங்கப்பா கையால கட்டின சவாரி! பழைய ஞாபகம் மாதிரி ஒரு பொய்சாட்சி உலகத்துலயே கிடையாது.

லொரெட்டா: பொய்யின்னு ஏன் சொல்றீங்க? சின்ன வயசுல பயந்ததெல்லாம் ஒரே இருட்டுல கலந்துடுது.

எம்மெட்: கலக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணா? எங்கப்பா கண்ணுக்கு ஒண்ணும் காட்ட மாட்டார். மாவரைக்கிற கல்லு தலைக்கு மேல உருண்டு வர்ற சத்தம். அதுலயே உசுரு போயிடும். உங்கப்பா என்ன பண்ணார்? நாலு கண்ணாடி, ரெண்டு பச்சை பல்பு.

லொரெட்டா: உங்க சவாரி முடிஞ்சு அலறிக்கிட்டு வருவாங்க. எங்களுது முடிஞ்சா பேசாம வருவாங்க. வெளிச்சத்துக்கு வந்தப்புறமும் ஒருத்தர் கைய ஒருத்தர் விட மாட்டாங்க.

எம்மெட்: அந்த ஈரச்சாக்கு நாத்தத்துக்கு வாயத் திறக்க முடிஞ்சாத்தானே!

லொரெட்டா: ஓ... நாத்தம் வரைக்கும் தெரியுமா? அக்கரையில காலே வைக்காதவராச்சே நீங்க.

எம்மெட்: கேள்விப்பட்டது.

லொரெட்டா: ம்... இந்த டிக்கெட் ஜன்னல இன்னும் மாத்தலியா? கல்லாவும் இடப்பக்கம், கிழிக்கிற கம்பியும் இடப்பக்கம். வேலைக்கு வர்ற பொண்ணுங்க பாவம், கையத் திருகிக்கிட்டு நிக்குது.

எம்மெட்: முதல்ல உக்காந்தவங்க கைக்குத் தோதா அப்பா வச்சது. அப்படியே இருக்கட்டும்.

லொரெட்டா: முதல்ல உக்காந்தது உங்கம்மா.

எம்மெட்: எங்கம்மா எனக்குப் பத்து வயசுல தவறிட்டாங்க. கல்லறையில கல் இருக்கு, போய்ப் பாருங்க.

லொரெட்டா: பாத்தேன். கல் இருக்கு. கீழ ஆள் இல்ல. அப்புறம் எத்தனையோ வருஷம் எங்க பூங்காவுல டிக்கெட் குடுத்துக்கிட்டு இருந்தாங்களே...

எம்மெட்: லொரெட்டா! தவறிட்டாங்கன்னு எங்கப்பா சர்ச்சுல எழுந்து நின்னு சொன்னார். அவர் சொன்னா சொன்னதுதான். இதுக்கு மேல ஒரு வார்த்தை இந்த வாசல்ல வேணாம்.

லொரெட்டா: வேணாம். பெட்டியத் திறந்து ஒரே ஒரு தடவை பாத்துடுங்க. அப்புறம் நானே எடுத்துட்டுப் போயிடறேன்.

எம்மெட்: பாக்க என்ன இருக்கு... மெதுவா! ஆணிய மெதுவாப் பிடுங்குங்க. முகத்துல கீறிடப் போகுது.

லொரெட்டா: பாருங்க.

எம்மெட்: ...இது இல்ல.

லொரெட்டா: எது இல்ல?

எம்மெட்: ஏலத்துல மாத்திட்டாங்க, உங்கள ஏமாத்திட்டாங்க. இது வலது கையில விளக்க வச்சிருக்கு. அவ இடது கையிலதான் பிடிச்சிருப்பா. முகமும்... முகம் இப்படி இல்ல.

லொரெட்டா: எங்கப்பா செஞ்சதே இந்த ஒண்ணுதான். கையும் மாத்தல, முகமும் மாத்தல.

எம்மெட்: நான் பாத்தேங்கறேன்! இதே கண்ணால பாத்தேன்!

லொரெட்டா: பழைய ஞாபகம் பொய்சாட்சின்னீங்க. ஒரு பையன் வருவான். சனிக்கிழமையானா வந்துடுவான். தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கும். முகத்த மறைச்சானே தவிர, கழுத்துப் பொத்தான அவிழ்க்கத் தெரியல.

எம்மெட்: ...உங்கப்பாவுக்குத் தெரியுமா?

லொரெட்டா: எங்க எல்லாருக்குமே தெரியும்.

எம்மெட்: வீட்ல ஒரு படத்தக்கூட அப்பா விட்டு வைக்கல. உங்கப்பா அம்மா முகத்துல அச்செடுத்து மெழுகுல செஞ்சு வச்சிருக்கார்னு நினைச்சேன். அதப் பாக்கத்தான்... பொம்மையப் பாத்தா அப்பா சொல்ல மீறினதாகாதுன்னு ஒரு கணக்கு. நல்லவேளை, வண்டிய இழுக்கற உங்க சங்கிலி எப்பவும் சரியா அவ முன்னாடி சிக்கிக்கும். வண்டி நின்னுடும். பாத்துக்கிட்டே இருப்பேன்.

லொரெட்டா: எங்க சங்கிலி ஒருநாளும் சிக்கினதில்ல, எம்மெட். பிரேக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். "தொப்பிக்காரன் வந்தா கொஞ்சம் நிறுத்து கண்ணு"ன்னு எங்கிட்ட சொல்லிட்டு உள்ள போவாங்க.

எம்மெட்: யாரு... யாரு உள்ள போவாங்க?

லொரெட்டா: சனிக்கிழமை மட்டும் டிக்கெட் ஜன்னல எங்கப்பா பாத்துக்குவார். இந்தப் பொம்மையத் தூக்கிச் சுவரப் பாக்க வச்சுட்டு, விளக்க வாங்கித் தன் இடது கைக்குத் தோதா பிடிச்சுக்கிட்டு, கண்ணச் சிமிட்டாம நின்னது உங்கம்மா.