நாலாம் பாகத்தில் ஜன்னல் மாமா

— நிறுத்துங்க அக்கா, அங்கதான்! ரெண்டு நொடி பின்னாடி. ஆங். மாடி ஜன்னல். பாத்தீங்களா ஜன்னல் மாமாவை?

— பன்னெண்டு வருஷமா பாக்கறேன் கிளாப்பு.

— டைரக்டர் ஆகியும் கிளாப்புதானா?

— முதல் பாகத்துல கிளாப் பலகையைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அப்ப வெச்ச பேரு. இனிமே மாத்த முடியாது. மெதுவாப் பேசு, பின் வரிசையில என் வீட்டுக்காரர் இருக்கார். இப்பதான் கண்ணசந்தார்.

— வரும்போதே வணக்கம் சொன்னேன். நல்லாச் சிரிச்சார்.

— எல்லாரையும் பாத்துச் சிரிப்பார். வீட்டுல அவரைப் பாத்துக்கற ஆயாம்மா இன்னிக்கு லீவு, அதான் கூட்டிட்டு வந்தேன். இந்தக் குட்டி தியேட்டர் இருட்டும் ஏசி சத்தமும் அவருக்குப் பிடிக்குது. சரி, நீ சொல்லு. நாலாம் பாகம் எங்க உக்காருது?

— ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல. கேளுங்க. ஒன்னாம் பாகம் எதுல முடியுது? கொட்டற மழையில நம்ம பேய், அந்த நனைஞ்சவ, மாடிப்படி ஏறிப் போறா. படி முழுக்க ஈரக் காலடி. அவ்வளவுதான், இருட்டு. ரெண்டாம் பாகம் இருபது வருஷம் கழிச்சு. வீடு பூட்டிக் கிடக்கு, வாசல்ல துருப்பிடிச்ச பூட்டு. அதைப் போட்டது யாரு?

— அட, ஆமாம். யாரு?

— பாத்தீங்களா! ஷாட்டுக்கு ஷாட்டு எது எங்க இருந்துச்சுன்னு மூணு பாகத்துக்கும் கன்டின்யூட்டி எழுதின உங்களுக்கே தெரியலை. அந்த மழைக்கும் அந்தப் பூட்டுக்கும் நடுவுலதான் என் படம். பூட்டினது ஜன்னல் மாமா. முன்னாடி நனைஞ்சவளைக் கொன்னு தண்ணியில போட்டு, அவளைப் பேயாக்கினதும் அவர்தான். கையில ஏதோ மின்னுது பாருங்க. கத்தி!

— கத்தின்னு யார் சொன்னா?

— ஊரே சொல்லுதுக்கா. ரசிகருங்க அந்த மூணு நொடியைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணி ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. விளக்க வீடியோ மட்டும் இருநூறு இருக்கும். பழைய டைரக்டர் வேணும்னே ஒளிச்சு வெச்சார்னு பேச்சு. அவர் கடைசி வரைக்கும் வாயே திறக்கலை, சிரிச்சே சமாளிச்சார்.

— அவருக்கும் தெரியாதுடா. தெரிஞ்ச மாதிரி சிரிச்சார்.

— உங்களுக்குத் தெரியுமா?

— வெளியில அவ்வளவு மழை. அந்த ஆள் தலையைப் பாரு, ஒரு சொட்டு ஈரமில்லை. சட்டையில இஸ்திரி மடிப்பு கலையலை. கொலை பண்ணிட்டு வந்தவன் நிக்கற மாதிரியா இருக்கு? டோக்கன் வாங்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு.

— அதையெல்லாம் யாருக்கா பாக்கறா?

— பாக்கறதுக்குத்தான் என்னை வேலைக்கு வெச்சாங்க.

— சரி, உங்க நோட்டு என்ன சொல்லுது? அதுக்குத்தானே கூப்பிட்டேன். நீங்க எழுதினதுதான் இந்தப் படங்களுக்கு ஜாதகம். கையில கத்தின்னு ஒரு வரி இருந்தா போதும், எனக்குத் தூக்கம் வரும்.

— நோட்டு இதோ. படி.

— காட்சி நாப்பத்தொன்னு, டேக் மூணு. மழை, சரி. படியில ஈரம், சரி. மாடி ஜன்னல்... காலி, சரி. காலியா? ஆள் நிக்கறாரே அக்கா!

— நிக்கறார். நான் காலின்னு எழுதியிருக்கேன்.

— சத்தியமாச் சொல்லுங்க, எனக்கு மயிர் கூச்செறியுது. எழுதும்போது அங்க யாருமே இல்லையா? அப்புறம்தான் வந்தாரா?

— உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வருது. அன்னிக்கு நான் கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். அந்தத் தம்மாத்துண்டு மானிட்டர்ல எனக்கு மழைதான் தெரிஞ்சுது. கேட்டா வேலை போயிடும். குத்துமதிப்பா ஜன்னல் காலின்னு எழுதிட்டேன்.

— அடக் கடவுளே. அப்போ தப்பா விழுந்த ஷாட்டா?

— ரிலீஸ் ஆன மூணாம் நாள் ஊரெல்லாம் ஜன்னல் மாமா, ஜன்னல் மாமான்னு ஒரே கூச்சல். அதனாலதான் படமே ஓடுச்சு. நான் வாயைத் தைச்சுக்கிட்டேன். நல்ல கன்டின்யூட்டிக்காரின்னு பேரு வாங்கினவ எப்படிடா போய்ச் சொல்லுவேன்? இன்னிக்குத்தான் சொல்றேன்.

— யாருக்கா அவரு? லைட்காரரா?

— கண்ணாடி இல்லாம நான் தவிப்பேன்னு பஸ் பிடிச்சு வந்தவர். கேட்டுல குடை பிடிச்சுக் கூட்டிட்டு வந்து பின்பக்கப் படி வழியா மேல விட்டுட்டாங்க. அங்கிருந்து என்னைத் தேடியிருக்கார். நான் குனிஞ்சு எழுதிட்டிருந்தேன். கையில மின்னுதே, அது கத்தி இல்லை. என் மூக்குக்கண்ணாடி.

— அக்கா...

— திரும்பிப் பாரு. மெதுவா. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்புறம் திரையைப் பாரு.

— ஐயோ. அதே தோள்.

— பேயில்லைடா, என் புருஷன்.

— பக்கத்துலயே வெச்சுக்கிட்டு... அவருக்குத் தெரியுமா, அது தான்தான்னு?

— எங்க? ஞாபகம் போக ஆரம்பிச்சு மூணு வருஷமாச்சு. கல்யாணம் எந்த வருஷம், தெரியாது. பையன் எந்த ஊர்ல இருக்கான், தெரியாது. ஆனா நம்ம மூணு பாகமும் வரிசை தப்பாமச் சொல்வார். முதல்ல மழை பெஞ்சுது, அப்புறம் வீட்டைப் பூட்டினாங்க, அப்புறம் குழந்தை மாட்டிக்கிச்சு, அப்புறம் அவ குழந்தையை விட்டுட்டா. சொந்தக்காரங்க வீட்டுல நடந்த மாதிரி சொல்வார். அவர்கிட்ட மிச்சம் இருக்கறது இது ஒன்னுதான். அதுவும் படமா நிஜமான்னு பிரிக்கத் தெரியாது. மூணாம் பாகம் பாத்த அன்னிக்கு எங்க வீட்டுப் படியை மூணு தரம் துடைச்சார்.

— இந்த ஷாட்டைப் பாப்பாரா?

— இதைத்தான் பாப்பார். நிறுத்தி நிறுத்திப் பாப்பார். அந்த விளக்க வீடியோவையும் ஒன்னு விடாமப் போடச் சொல்வார். பாத்து முடிச்சதும் கையைக் கழுவிட்டு வந்து உக்காந்துக்குவார்.

— பாவம்.

— கொஞ்ச நாளா சோபாவுலதான் படுக்கறார். என்னை ரூமுக்குள்ள போகச் சொல்லி, தாழ்ப்பாள் போட்டுக்கோங்கன்றார். முப்பத்தெட்டு வருஷத்துல என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. போட்டாச்சான்னு வெளியில இருந்து தள்ளி வேற பாப்பார். என்னை யாரோ வேத்து மனுஷின்னு நினைச்சுப் பயப்படறார்னு டாக்டர் சொல்றார். அடுத்த ரூம்ல இருந்துக்கிட்டு அவர் இருமற சத்தத்தைக் கேட்டுட்டே படுத்திருப்பேன். வலிக்குதுடா. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப வலிக்குது.

— நான் என்ன பண்ணணும், சொல்லுங்க.

— நாலாம் பாகம் வந்தா அதையும் அந்த வரிசையில சேத்துப்பார். அவருக்கு அதுதான் நடந்த கதை ஆயிடும். என் புருஷன் நிக்கற ஜன்னல்ல ஒரு கொலைகாரனை நிக்க வெச்சுடாதே கிளாப்பு. நான் கேக்கறது அவ்வளவுதான்.

— புரொடியூசர்கிட்ட கத்தின்னு சொல்லித் தலையாட்ட வெச்சுட்டேனே. போஸ்டர் வரைஞ்சாச்சு. கத்தி இல்லைன்னா பூட்டை யாரு போட்டான்னு கேப்பாங்களே?

— அவரே போட்டிருக்கட்டும். மழையில பொண்டாட்டியைத் தேடி அந்த வீட்டுக்குள்ள வர்றார். கையில அவளோட கண்ணாடி. மாடியில நிக்கறார். படியில நனைஞ்சவ ஏறி வர்றா. அவளுக்காக அந்த வீட்டுக்கு இதுவரைக்கும் யாராவது வந்திருக்காங்களா?

— இல்லை. ஒருத்தருமே வரலை. அதானே அவளோட கோபமே.

— இவர் அவளைப் பாத்துப் பயப்படலை. கண்ணாடியை நீட்டி, உன்னோடதாம்மான்னு கேக்கறார்.

— இருங்க, இருங்க. அவ கண்ணாடியையே பாத்துட்டு நிக்கறா. ஒருத்தருக்காக ஒருத்தர் இப்படி வருவாங்களான்னு. கால்ல இருந்து தண்ணி சொட்டறது நின்னு போகுது. வெளியில மழையும் நிக்குது. படியிலேயே உக்காந்துடறா, முழங்கால்ல தலை வெச்சு...

— அவ தூங்கட்டும்னு அவர் சத்தம் வராம வெளியில வந்து...

— பூட்டறார்! அதான் இருபது வருஷம் அந்த வீட்டுல ஒரு சத்தமும் இல்லை! அக்கா, மூணாம் பாகத்துல அவ குழந்தையை ஏன் விட்டான்னு இன்னிக்கு வரைக்கும் திட்டறாங்க இல்லை? குழந்தையோட அப்பா தேடி வந்ததும் விட்டுட்டா. ஏன்னா தேடி வர்றதுன்னா என்னன்னு அவளுக்கு இவர் காட்டிட்டார். மூணு பாகமும் கோத்த மாதிரி வருதே! நான் கத்தியைப் பிடிச்சுக்கிட்டு ஆறு மாசமா முட்டிக்கிட்டு இருந்தேன்.

— புரொடியூசர்?

— நான் போய்ச் சொல்லிக்கறேன். மாட்டேன்னா வேற கிளாப்பைப் பாத்துக்கட்டும்.

— படம் நின்னு போச்சா?

— முழிச்சுட்டார். ஒன்னுமில்லைங்க, நிறுத்தி வெச்சிருக்கோம். டைரக்டர் தம்பி உங்க பக்கத்துல வந்து உக்காரப் போறான். போடா. நீயே சொல்லு, நான் சொன்னா நம்ப மாட்டார்.

— மாமா, தூக்கத்தைக் கெடுத்துட்டேனா?

— இல்லை தம்பி. நல்ல மழைச் சத்தம் கேட்டுது. நீங்கதான் இந்த வீட்டுக் கதையெல்லாம் எடுக்கறவரா?

— ஆமாம் மாமா. அடுத்தது நான்தான் எடுக்கறேன். ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல வரும்.

— பூட்டு போடறதுக்கு முன்னாடி.

— கரெக்டா சொல்லிட்டீங்க! அந்த ஜன்னல்ல நிக்கறாரே, அவர் கதைதான்.

— வேண்டாம் தம்பி. அதை எடுக்காதீங்க.

— கேளுங்களேன். அவர் பொண்டாட்டிக்குக் கண்ணாடி கொண்டு வந்தவர். மறந்து வெச்சுட்டுப் போயிட்டா, கண்ணு தெரியாமத் தவிப்பாளேன்னு வந்து நிக்கறார்.

— கையில இருக்கறது?

— கண்ணாடிதான் மாமா.

— எல்லாரும் வேற சொல்றாங்களே. படம் போட்டு, வட்டம் போட்டுக் காட்டறாங்க.

— அவங்க வெளியில இருந்து சொல்றாங்க. டைரக்டர் நான் சொல்றேன். அது கண்ணாடி.

— பொண்டாட்டிக்கு ஒன்னும் ஆகலையே?

— ஒன்னும் ஆகலை. நல்லா இருக்காங்க. கீழ உக்காந்து எழுதிட்டு இருக்காங்க.

— நிச்சயமாவா?

— சத்தியமா மாமா.

— அப்போ நான் யாரையும் கொல்லலையா தம்பி?