நாடா இல்லாத பைஜாமா

பைஜாமாவிலிருந்து நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் கோர்ப்பது பெரிய வேலையில்லை. ஒரு ஊக்கு இருந்தால் போதும். துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளிக்கொண்டே போனால் மறுமுனையில் தானாக எட்டிப் பார்க்கும். தம்பியைச் சிகிச்சை மையத்தில் சேர்ப்பதற்காக நான் செய்தவற்றில் நிம்மதியாகச் செய்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தலைவலி.

நீங்கள் அந்த மையத்தைப் போய்ப் பார்த்திருப்பீர்கள். மரமும் பெஞ்சுமாகப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு ஆளை உள்ளே சேர்ப்பதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும். போன் செய்தால், "படுக்கை காலியானதும் நாங்களே கூப்பிடுறோம்மா" என்பார்கள். கூப்பிட மாட்டார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுபோனால் இது பழசு, புதிதாக எடுத்து வா என்பார்கள். ஷூவில் கயிறு கூடாது, பெல்ட் கூடாது, பிளேடு கூடாது, பைஜாமாவில் நாடா கூடாது. சோப்புகூட உறை பிரிக்காமல் இருக்க வேண்டுமாம். நான் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருப்பவள். ஊரார் இடுப்பு பெருப்பதற்கும் இளைப்பதற்கும் ஈடுகொடுத்தே காலம் தள்ளுகிறவள். எனக்கே பொறுமை போய்விட்டது.

தம்பிக்கு இருந்தது மாத்திரைப் பழக்கம். கிடங்கில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி போய் வெகு நாளாகியும் மாத்திரை போகவில்லை. முதலில் வேலை போனது, பிறகு அவன் பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போனாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அவன் புருஷன் மட்டும்தானே.

எனக்கு அப்படியில்லை. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. குளிப்பாட்டியது, ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் நான். வகுப்பில் உட்கார மாட்டேன் என்று ஊரைக் கூட்டுவான். அதனால் அவன் அரைக்கால் சட்டையின் இடுப்புப் பட்டிக்குள் ஒரு மிட்டாயை வைத்துத் தைத்து, உட்புறம் நீல நூலால் கடுகளவு முடிச்சுப் போட்டு அனுப்புவேன். பாடம் நடக்கும்போதே விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவான். வாத்தியார் தலைகீழாக நின்றாலும் அவருக்குத் தெரியாது. பிறகு என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். தம்பியும் என்னோடுதான் இருப்பான் என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மையத்துக்கு நாங்கள் போனது இது முதல் தடவையில்லை. போன தடவை வாசலில் பை பார்க்கிறவர் அவன் காலுறையைப் பிதுக்கியபோது மாத்திரை விழுந்தது. ஒளித்துக் கொண்டுவந்தால் படுக்கை அடுத்த ஆளுக்கு என்பது அவர்கள் சட்டம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதான். வீட்டுக்கு வந்ததும் சூடாகச் சோறு வடித்து நானே ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். எரிச்சலான நாள்தான். ஆனாலும் அன்றைக்குத் தூங்கிய மாதிரி நான் பிறகு தூங்கவில்லை.

இந்தத் தடவை அவனே போன் செய்து இடம் கேட்டான். டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தியும்விட்டான். மீதி இருந்த அட்டைகளை என் கையில் கொடுத்து, "அக்கா, இதை நீயே கொட்டிடு. என் கண்ணுல பட வேணாம்" என்றான். பொத்தான் டப்பாவில் பொத்தான்களுக்கு அடியில் போட்டு வைத்தேன். கொட்டலாம் என்றுதான் இருந்தேன். கடையில் வேலை அதிகம்.

அப்புறம் ஆலோசகர் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். சின்ன வயது. பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம் அவருக்கு.

"விட்டுட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காதும்மா. மறுபடி அதே அளவு போட்டா மூச்சே நின்னுரும். வீட்டுல ஒண்ணுகூட இருக்கக் கூடாது" என்றார். தலையாட்டினேன். அவர் பல விஷயம் சொன்னார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உள்ளே போன பிறகு சில வாரம் வீட்டார் பார்க்க வரக் கூடாது, போன் செய்யவும் கூடாது. சிகிச்சை முடிந்ததும் வேறு ஊரில் மரச்சாமான் பட்டறை ஒன்றில் வேலை. அங்கேயே தங்க அறை.

"கொஞ்ச நாளைக்கு நீங்க அவருக்கு அக்காவா இருக்கறதையே நிறுத்தி வைக்கணும். அவர் தன் கால்ல நிக்கட்டும்."

நான் தம்பியைப் பார்த்தேன். "சரிங்க மேடம்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எரிந்தது.

அன்று சாயங்காலம் நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். அவன் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது.

"என்னக்கா, கல்யாண மாப்பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி பாத்துப் பாத்துத் தைக்கிற?"

"ஒரு தடவை மாப்பிள்ளையாப் போய் நீ கிழிச்சது போதாதா?"

விழுந்து விழுந்து சிரித்தான். "பட்டறையில முதல் வேலையா உனக்கு ஒரு நாற்காலி செஞ்சு கொண்டுவந்து தர்றேன். இந்த ஸ்டூல்லயே உக்காந்து உன் முதுகும் என்னுது மாதிரி ஆயிரப்போகுது." வந்து தருகிறேன் என்றான். வந்து இருக்கிறேன் என்று சொல்லவில்லை. முடி வெட்டிக்கொள்ள அவன் வெளியே போனதும் பொத்தான் டப்பாவைத் திறந்தேன்.

நான் நினைத்தது சாதாரண விஷயம். வாசலில் பிடிபடுவான், திருப்பி அனுப்புவார்கள், இருவரும் பஸ் ஏறி வீட்டுக்கு வருவோம். இதில் யாருக்கு என்ன கெடுதல்?

ஆனால் அந்த வாசல்காரர் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை. மேலே இருந்த இரண்டு துணிகளை அமுக்கிப் பார்த்தார். எலாஸ்டிக்கை இழுத்து விட்டார். "நல்லா தைச்சிருக்கீங்கம்மா. எல்லாரும் உங்களை மாதிரி தயாராகி வந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்று பையை மூடினார். போன தடவை காலுறையைப் பிதுக்கிய அதே ஆள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. தம்பி பையைத் தூக்கிக்கொண்டு கையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். நானும் ஆட்டினேன்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். பிறகாவது போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். போன் செய்யக் கூடாது என்று சொன்னவர்களே அவர்கள்தான். நான் சட்டத்தை மீறுகிறவள் இல்லை.

அந்த ஒரு பைஜாமாவை மட்டும் உடுத்தாமல் அலமாரியின் அடியில் மடித்தே வைத்திருந்தானாம். இரண்டாவது வாரம் ஒரு நாள் பழைய முதுகு வலி திரும்பி வந்து, தாங்காமல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். காலையில் எழுப்பியபோது எழவில்லை. எனக்கு வருத்தம் என்னவென்றால், நான் அவ்வளவு பாடுபட்டுத் தைத்துக் கொடுத்ததை அத்தனை நாள் உடுத்தாமல் வைத்திருந்தானே என்பதுதான்.

பிடிபட வேண்டும் என்று நினைத்தவள் தையலை எதற்கு இவ்வளவு சுத்தமாகப் போட்டாய் என்று கேட்கிறீர்கள். மோசமாகத் தைக்க எனக்குக் கை வராது. இத்தனை வருஷப் பழக்கம்.

பட்டியைப் பிரித்து இந்த ஸ்டேஷன் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். உட்புறத்து நீல முடிச்சு எதற்கு என்கிறீர்கள். அது வாசல்காரருக்குப் போட்டதில்லை. அது இல்லாவிட்டால் பிள்ளை தேடிக் கஷ்டப்பட்டிருப்பான்.