எலியாஸ் பாவாவோட ஆட்டம்

அந்தப் பைய அங்க வெக்காதீங்க சார், கட்டெறும்பு ஏறிடும். இப்படி மாமரத்து நெழல்ல வெய்யுங்க. ஆங். அவசரம் இல்லீங்க, இன்னைக்கு ஆடறதுக்கு உங்களத் தவிர யாரும் வரல. மெட்ராசா? நெனச்சேன். காலைல ரயில எறங்கி, மலைக்குப் போய் முருகனப் பாத்துட்டு நேரா இங்க. மெட்ராசுக்காரங்க எல்லாரும் அப்பிடித்தான் வர்றாங்க. அங்க கிளப்புக்குள்ள நொழையவே ஒரு வம்சம் வேணுமாம், இங்க ரேட்டு சீப்பு. சாமி கும்பிட்டா மாதிரியும் ஆச்சு, தொரை மாதிரி ஆடினா மாதிரியும் ஆச்சு.

நானா? ஜெபக்குமாருங்க. இங்க புல்லு வெட்றவன், தொரை காலத்துலேருந்து. ரயில்வே தொரை ஒருத்தர்தான் இந்த மாந்தோப்ப ஏரிக்கரை வரைக்கும் வளைச்சு, குழி தோண்டி, கொடி நட்டு, இத்த கோல்ப் மைதானம் ஆக்கினாரு. சுதந்திரம் வந்துது, அவரு கப்பலேறிட்டாரு. அப்பால ரைஸ்மில்லு ஜம்புலிங்கம் பிரசிடெண்டு ஆனாரு, ரிட்டயர் ஆன ஹெட்கிளார்க்கு கோதண்டம் செக்ரட்ரி. வெள்ளக்காரன் போனதுல நாட்டுக்கு இன்னா கெடச்சுதோ எனக்குத் தெரியாது, இவங்களுக்கு அவன் உக்காந்த பிரம்பு நாற்காலி கெடச்சுது. அதோ வராந்தால உக்காந்துகினு நம்மளையே பாக்கறாரே, அவர்தான் கோதண்டம். கைய ஆட்டாதீங்க, எழுந்து வந்துடுவாரு.

இவங்க எல்லாருக்கும் ஆட்டக் கால்சட்டை தெச்சுக் குடுத்தவரு எங்க எலியாஸ் பாவா. எங்க அக்கா தபிதாளக் கட்டினவரு, கடைத்தெருவுல டைலரு. தொரை போட்டா மாதிரி முட்டிக்குக் கீழ உப்பலா வேணும், கட்டம் போட்ட சீமைத் துணி வேணும்னு ஆளாளுக்கு வந்து நின்னாங்க. யுத்தம் முடிஞ்ச சமயம், சீமைத் துணிக்கு எங்க போறது? பாவா பொதட்டூர்பேட்டை லுங்கித் துணில தெச்சுக் குடுத்தாரு. போட்டுப் பாத்துட்டு, சீமைத் துணின்னா சீமைத் துணிதான்யான்னு ஜம்புலிங்கம் தடவித் தடவிப் பாத்தாரு. சிரிக்காதீங்க சார், கோதண்டம் பாக்கறாரு.

அந்த ஐப்பசில பாவாவோட அம்மா, மார்த்தாளம்மா, செத்துட்டாங்க. எங்க சேரி இந்தப் பக்கம், கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம், நடுவுல இந்த மைதானம். சுத்திப் போனா ஓடை, அதுல கழுத்தளவு தண்ணி. இல்லன்னா ஊருத் தெரு. ஊருத் தெரு வழியா எங்க பொணம் போவக்கூடாது, அது உங்களுக்கே தெரியும். தொரை காலத்துல மைதானத்துக் குறுக்கால ஒத்தையடிப் பாதை ஒண்ணு இருந்துது. நாங்க போறப்ப அவரு மூஞ்சியத் திருப்பிக்குவாரு, நாங்க போயிடுவோம். இவங்க வந்ததும் மொத வேலையா அதுக்கு முள்ளுவேலி போட்டாங்க. மைதானத்துக்கு ஒரு கௌரவம் வேணுமாம்.

எங்க பாதிரி போய்க் கேட்டாரு. கோதண்டம் போர்டக் காட்டினாரு. மெம்பருங்க, டிக்கெட்டு வாங்கின விசிட்டருங்க, அவங்க சாமான் தூக்கறவங்க, இவங்களுக்கு மட்டும் அனுமதின்னு எழுதியிருந்துது. பாதிரி திரும்பி வந்து சொன்னாரு. பாவா அம்மா தலைமாட்டுல உக்காந்துகினு இருந்தாரு. அந்தப் போர்டுல இன்னா இருக்குன்னு இன்னொரு தரம் சொல்லச் சொன்னாரு. கேட்டுட்டு எழுந்து கடைக்குப் போனாரு. ஜம்புலிங்கத்துக்குத் தெச்சு வெச்சிருந்த கால்சட்டைய எடுத்து மாட்டிகினாரு. அதுக்குள்ள பாவா மாதிரி ரெண்டு பேரு நிக்கலாம், இடுப்புல ஒரு கயித்தப் போட்டுக் கட்டிகினு நேரா வந்து டிக்கெட்டு கேட்டாரு. நீ ஆடப் போறியான்னு கோதண்டம் கேட்டாரு. ஆமாங்கன்னாரு. அன்னைக்கு மழைல ஒரு விசிட்டரும் வரல, வந்தத விடுவானேன்னு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டாரு. தொரை விட்டுட்டுப் போன ஒரு தடிய நான் எடுத்துக் குடுத்தேன்.

அப்பறம் பாத்தா, பெட்டியத் தோள்ல வெச்சுகினு சேரியே பின்னால வருது.

கோதண்டம் கொடையோட ஓடியாந்தாரு. இதெல்லாம் இன்னான்னு கேட்டாரு. பாவா சத்தமே போடல. என்னோட சாமானுங்க, போர்டப் பாருங்கன்னாரு. பெத்த தாய சாமான்னு சொல்றப்ப அவரு மூஞ்சிய நீங்க பாக்கணும். நான் பாக்க முடியாம தலையக் குனிஞ்சுகினேன்.

கோதண்டம் லேசுப்பட்டவரா? ரூல் படி வந்தவன் ரூல் படி ஆடணும்னு சொல்லிட்டாரு. பந்து எங்க போவுதோ அங்கதான் ஆளும் போவணும், சாமானும் போவணும். குறுக்கால நடந்தா அது ஆட்டமில்ல, அத்துமீறல், போலீசு வரும்னாரு.

பாவா ஊசி புடிச்ச கை சார், தடி புடிச்ச கை இல்ல. மொத அடி மண்ணுல. அடுத்தது பக்கவாட்டுல பறந்து மாமரத்துக்குள்ள போச்சு. பெட்டியும் மாமரத்துக்குள்ள போச்சு. அப்பறம் ஏரிக்கரைச் சேத்துக்கு. பெட்டியும் சேத்துக்கு. முன்னால தூக்கினவங்க முட்டிவரைக்கும் புதைஞ்சாங்க, பாதிரி செருப்பு சேத்தோட போச்சு, ஆனா பாட்ட நிறுத்தல. வராந்தால மெம்பருங்க டீ குடிச்சுகினு பாத்தாங்க. ஜம்புலிங்கம் இன்னா சொன்னாரு தெரியுமா? அவன் தடி புடிக்கறது சரியில்லன்னாரு. அது தன்னோட கால்சட்டைன்னு கூட அவருக்குத் தெரியல. நல்லா இருக்கே, எங்க தெச்சான்னு பக்கத்துல இருந்தவர விசாரிச்சாரு.

கல்லறைத் தோட்டத்துச் சொவரண்ட போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிட்டுது. பாவா தடியக் கீழ போட்டுட்டு பெட்டி மேல கைய வெச்சாரு. அம்மா, உன்ன ரொம்ப சுத்த வெச்சுட்டேம்மா. அவ்வளவுதான் சொன்னாரு. அதுவரைக்கும் அழாத மனுசன் அங்க உக்காந்து அழுதாரு.

அப்பறம் இன்னாவா? அப்பறந்தான் ஆட்டமே. தெனம் விடியக்காலைல வீட்டுக்குப் பின்னால பொட்டல்ல நின்னுகினு அடிச்சாரு. பொதருல காணாமப்போன பந்தெல்லாம் நான் பொறுக்கிக் குடுப்பேன். தூரமா அடிக்கணும்னு ஆசையில்ல அவருக்கு, நேரா போவணும், அவ்வளவுதான். அடுத்த சாவு எல்லப்பன் தாத்தாவோடது. டிக்கெட்டு வாங்கினாரு, நின்னாரு, அடிச்சாரு. நூல் புடிச்சா மாதிரி போச்சு. பெட்டி ஒரு எடத்துலயும் வளையல. அதுலேருந்து சேரில யாரு செத்தாலும் பாதிரிக்கு முன்னால பாவாவுக்குத்தான் ஆள் போவும். கூட நடந்து வர்றவங்க, இன்னைக்கு காத்து எந்தப் பக்கம்னு கேட்டுகினே வருவாங்க.

மெம்பருங்களுக்கே ஆசை வந்துடுச்சு சார். அரக்கோணத்துக்காரங்க கூட ஒரு பந்தயம், நீ எங்க பக்கம் ஆடறியான்னு ஜம்புலிங்கமே கடைக்கு வந்து கேட்டாரு. பாவா தெச்சுகினே சொன்னாரு, நான் ஆடறதுன்னா ஒருத்தர் சாவணுமே, உங்க பக்கத்துல யாராவது தயாரா இருக்காங்களான்னு.

அதுல வந்துது வெனை. கமிட்டி கூடிச்சு. போர்டுல புதுசா எழுதினாங்க, நீங்க உள்ள வர்றப்ப பாத்திருப்பீங்க, பெயிண்டு கூட இன்னும் சரியாக் காயல. விசிட்டருன்னா வெளியூருக்காரரு மட்டும். உள்ளூருக்காரன் விசிட்டரு ஆவ முடியாது. நல்ல வேளை, அதுக்கப்பறம் எங்க சேரில ஒரு சாவும் விழல.

நேத்து சாயந்திரம் வரைக்கும் விழல.

மிஷின்ல உக்காந்தபடியே சாஞ்சுட்டாரு சார். யாரோட சட்டையோ, காலரு பாதி தெச்சபடி இருக்கு. அக்கா, இன்னா இது விளையாட்டுன்னு தட்டித் தட்டி எழுப்பியிருக்கா.

அந்த வேலிக்கு அந்தாண்ட வெள்ளைத் துணி போத்திகினு நிக்கறாங்களே, ஆங், அது திருவிழாக் கூட்டம் இல்லீங்க. நீங்க வர்றதுக்காகத்தான் நிக்கறாங்க. நீங்கன்னு இல்ல, கையில டிக்கெட்டோட யாராவது ஒரு வெளியூருக்காரரு. விடிஞ்சதுலேருந்து நான் ரயிலடிலதான் இருந்தேன். உங்க பையப் பாத்துட்டுத்தான் பின்னாலயே வந்தேன். சாமான் தூக்க எத்தினி பேருன்னு போர்டுல இன்னும் எழுதல.

வேணாம்னா சொல்லிடுங்க சார், கோச்சுக்க மாட்டேன். நீங்க ஆடவந்தவரு.

சரிங்களா? நெசமாவா? குடுங்க, பைய நான் எடுத்துக்கறேன். கொடி பக்கம் பாக்காதீங்க. அதோ சுண்ணாம்பு அடிச்ச சொவரு தெரியுதா, அந்த நேருக்கு அடிங்க. மெதுவா அடிச்சாலும் போதும். எங்க அக்காவுக்கு முட்டி வீங்கியிருக்கு, ரொம்ப சுத்தி நடக்க முடியாது.