அங்கிட்டு விழட்டும்

ஷெல் குத்துகிறார்கள். தூரத்தில் ‘டும்’. கேட்டதும் எண்ண வேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று. பத்துக்குள் விழும்.

முள்ளிவாய்க்கால். இரண்டாயிரத்தொன்பது, சித்திரை மாதம். செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. பதுங்குகுழிக்குள் நானும் அம்மாவும். இருபதடி தள்ளி டீச்சரின் குழி. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். மண்மூட்டை தைக்க எங்களிடம் துணியில்லை என்று தன் கூறைப்புடவையைக் கிழித்துத் தந்தவர்.

“குத்திட்டான்! பிள்ளை, தலையைக் குனி!” டீச்சர்தான் எங்களைப் பார்த்துக் கத்துகிறார்.

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறேன். எங்க மேல வேணாம் தாயே. அங்கிட்டு விழட்டும். சத்தியமாக இப்படித்தான் கேட்டேன். அங்கிட்டு என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஒரே ஒரு குழிதான் இருந்தது.

ஏழு எண்ணும்போது விழுந்தது. அங்கிட்டு.

புகை அடங்கவில்லை. என் வாயில் வந்த முதல் சொல், “நன்றி தாயே.”

இப்போது மலையகத்தில், பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். இனக்கலவரத்தில் அப்பா விட்டுவிட்டு வன்னிக்கு ஓடிய அதே தோட்டம். போன வருடத் திருவிழாவில் கோயில் தலைவர் மைக்கை நீட்டினார்.

“ஆத்தா ஒன்னய காப்பாத்துனத சொல்லு தாயி. எல்லாரும் கேக்கட்டும்.”

சொன்னேன். பாதியை. கைதட்டினார்கள். லயத்து வீடுகளின் பொம்பளைகள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சீ! அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

சாமி இல்லையென்றால் நான் பழியிலிருந்து தப்பினேன். ஷெல் அதன் பாட்டுக்கு விழுந்தது. சாமி இருந்தால், நான் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறாள். டீச்சரும் கும்பிடுகிறவர். அந்த நேரம் அவர் என்ன கேட்டார்? ஒன்றும் கேட்டிருக்கமாட்டார். எங்களுக்காகத்தானே கத்திக்கொண்டிருந்தார்.

சாமி இல்லை என்று நினைக்க ஆசைதான். ஆனால் மலையில் கால் வழுக்கினால் ‘ஆத்தா’ என்றுதான் வருகிறது. வெட்கங்கெட்ட வாய். எதற்காக நான் மிஞ்சினேன் என்றும் அவளையேதான் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை தேர். “இந்த வருசமும் நீதான் பேசணும்” என்று தலைவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பேசுவேன். என்ன வேண்டினேன் என்று முதலில் சொல்வேன். பிறகு கணக்கைச் சொல்வேன்.

டீச்சர். அவர் கணவர். அவருடைய தாயார். மூத்தவள், பதினொரு வயது. இளையவள், ஆறு. ஐந்து பேர்.

எங்கள் பக்கம் உடைந்தது, ஒரு தண்ணீர்க் குடம்.